மடி வாட்டர்ஸின் ‘எலெக்ட்ரிக் மட்’ (1968): இவ்வளவு திட்டு வாங்க வேண்டிய ஆல்பமா?

ஊசிமுனை:

ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையைக் கேட்பவர்கள் மத்தியில் இந்த ஆல்பத்தின் பெயரை எடுத்தாலே பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். கேட்காமலே திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பாடியவர், சிகாகோவின் மூத்த ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸே பின்னாளில் இதைக் கெட்ட வார்த்தை போட்டு ஒதுக்கிவிட்டார், அதனால் திட்டுவதற்கு லைசென்ஸ் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

தெரியாதவர்களுக்காக: 1968 மே மாதம் சிகாகோவில் செஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் டெர்-மார் ஸ்டூடியோவில் பதிவானது. அந்த அக்டோபரில் கேடட் கான்செப்ட் என்ற கிளை லேபிளில் வந்தது. தயாரிப்பு மார்ஷல் செஸ், சார்லஸ் ஸ்டெப்னி, ஜீன் பார்ஜ். மொத்தம் 8 பாட்டு. ‘ஹூச்சி கூச்சி மேன்’, ‘மானிஷ் பாய்’, ‘ஐ ஜஸ்ட் வான்ட் டு மேக் லவ் டு யூ’, ‘த சேம் திங்’, ‘ஷீஸ் ஆல்ரைட்’ ஐந்தும் மடி முன்பே பாடியவை. ஒன்று ரோலிங் ஸ்டோன்ஸின் ‘லெட்ஸ் ஸ்பெண்ட் த நைட் டுகெதர்’. மீதி இரண்டும், ‘டாம் கேட்’, ‘ஹெர்பர்ட் ஹார்ப்பர்ஸ் ஃப்ரீ பிரஸ் நியூஸ்’, புதுசு. எல்லாவற்றையும் ஃபஸ் (கிதார் ஒலியைக் கரகரப்பாக்குவது), வா-வா (பெடலை மிதித்து ஒலியை நெளிப்பது), எதிரொலி என்று சைகடெலிக் ராக் பாணியில் வார்த்திருக்கிறார்கள்.

எனக்கு இது பிடித்திருக்கிறது. முதல் பாட்டின் நடுவில் கிதார் போடுகிற கூச்சலைக் கேட்டு ஸ்பீக்கர்தான் போய்விட்டதோ என்று பயந்தேன், அப்புறம் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். பிடிக்காதவர்கள் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ‘அசல் ப்ளூஸ் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு மட்டும் வராதீர்கள்.

பழைய_தட்டு:

ஒற்றை வரியில் சொல்ல மாட்டேன், விரிவாகவே சொல்கிறேன்.

அப்போது மார்ஷல் செஸ்ஸுக்கு வயது 26. அப்பா லெனர்ட் செஸ் கம்பெனியின் முதலாளி. பையன் ரோட்டரி கனெக்‌ஷன் என்றொரு சைகடெலிக் குழுவை உருவாக்கி, அது கொஞ்சம் ஓடியதும், அதே சட்டையைக் கம்பெனியின் மூத்த பாடகருக்கும் மாட்டிவிடலாம் என்று கிளம்பினார். சட்டை அளவு எடுத்தாரா என்பதுதான் என் கேள்வி.

மடியின் குழு அன்று சிகாகோவிலேயே சிறந்த ப்ளூஸ் குழு. பியானோவில் ஓடிஸ் ஸ்பான். அந்தக் குழுவிலிருந்து ஒருவரையும் அழைக்கவில்லை. மடி கையில் கிதாரும் இல்லை. தந்தி மேல் குழாயை வழுக்கி வாசிக்கிற ஸ்லைடு கிதாருக்கென்றே பெயர்பெற்ற மனிதரை மைக் முன்னால் நிறுத்திப் பாட மட்டும் வைத்தார்கள். உள்ளட்டைப் படத்தில் வெள்ளை அங்கி மாட்டிக் கையில் கிதார் கொடுத்திருக்கிறார்கள், பாட்டில் அது இல்லை. இதைவிடப் பொருத்தமான விமர்சனத்தை நான் எழுத முடியாது, அவர்களே எழுதிவிட்டார்கள்.

ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் பீட் வெல்டிங் காய்ச்சி எடுத்தார். அவர் ஹிப்பிகளைக் கண்டு மிரண்ட கிழவர் அல்ல, சிகாகோ ப்ளூஸைத் தன் கையால் பதிவு செய்து வெளியிட்டவர். மடி சொன்னதையும் முழுதாகப் பார்க்க வேண்டும். ராபர்ட் கார்டன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது: முதலில் மளமளவென்று விற்றதாம், அப்புறம் ‘இது மடி வாட்டர்ஸாக இருக்க முடியாது’ என்று தட்டுகள் திரும்பி வந்தனவாம். பெரிய ஆம்ப்பும் (ஒலிபெருக்கியும்) வா-வாவும் இருந்தால்தான் வாசிக்க முடியும் என்றால், சொந்தக் குழுவோடு மேடையில் வாசிக்க முடியாது என்றால், அந்த ரெக்கார்டு எதற்கு என்பது அவர் கேள்வி. ஊர் ஊராகப் போய் வாசித்துச் சாப்பிடுகிற கலைஞனின் கேள்வி அது. கடையில் விற்பதை மேடையில் தர முடியவில்லை என்றால் கூட்டத்தின் முன்னால் அவமானப்படுவது யார்? தயாரிப்பாளரா?

ஆறாம்தந்தி:

டொரன்டோவில இருந்து எழுதுறன். கிதார் வாசிக்கிற ஆள் எண்டபடியால் வேறொரு பக்கத்தில இருந்து பார்க்கிறன்.

இந்தத் தட்டைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் எல்லாரும் ‘மடிக்குப் பின்னால ஹிப்பிப் பெடியளை நிப்பாட்டினவை’ எண்டமாதிரிக் கதைக்கினம். ஆர் வாசிச்சது எண்டு பாருங்கோ. கிதாரில பீட் கோசி, ஃபில் அப்சர்ச், ரோலண்ட் ஃபாக்னர். பேஸில லூயிஸ் சாட்டர்ஃபீல்ட். ட்ரம்ஸில மோரிஸ் ஜென்னிங்ஸ். ஓர்கன் ஸ்டெப்னி. இவை சிகாகோவின்ர கறுப்பினக் கலைஞர்கள், செஸ் ஸ்டூடியோவில நாள்தோறும் வேலை செய்தவை. கோசி, ஏஏசிஎம் எண்ட சிகாகோ ஜாஸ் அமைப்பின்ர தொடக்க காலத்து ஆள். பிறகு 1973இல இருந்து 1975 வரைக்கும் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோட நிண்டவர். 1975 பெப்ரவரியில ஒசாக்காவில பதிஞ்ச ‘அகார்ட்டா’வைக் கேளுங்கோ. அந்தக் கிதாரின்ர முளை ‘எலெக்ட்ரிக் மட்’டில கிடக்குது.

‘ஹூச்சி கூச்சி மேன்’ பாட்டில 1954இல மடியின்ர குழு என்ன செய்தது? ரிஃப்பை (திரும்பத் திரும்ப வாற சின்ன மெட்டை) ஒருக்கா அடிச்சுப்போட்டு எல்லாரும் நிப்பாட்டுவினம், அந்த இடைவெளியில மடி வரியைச் சொல்லுவார். அந்த வெறுமைதான் பாட்டின்ர பலம். 1968இல அந்த இடைவெளிக்குள்ள வா-வா பெடலும் ஃபீட்பாக் இரைச்சலும் ஊர்ந்து திரியுது. கெடுத்துப்போட்டாங்கள் எண்டு சொல்லலாம். ஆனால் மடியின்ர குரல் ஒரு இடத்திலயும் அசையேல்ல. சுத்திவர நெருப்புப் பிடிச்ச மாதிரி இருக்க, மனுசன் தன்ர பாட்டுக்குத் தன்ர நேரத்தில வரியைச் சொல்லிக்கொண்டு போறார். அதைக் கேட்கேக்க எனக்கு அவரில மரியாதை கூடினதே தவிரக் குறையேல்ல.

‘அவர் கிதார் வாசிக்கேல்ல’ எண்ட பழைய_தட்டு அண்ணையின்ர குறை மட்டும் நியாயமானது. அதுக்கு என்னட்டப் பதில் இல்லை.

நள்ளிரவு_வண்டி:

ஒரு சந்தேகம். இது ஓடிச்சா ஓடலையா? ஒருத்தர் பெரிய ஹிட்டுங்கறாரு, இன்னொருத்தர் திருப்பி அனுப்பிட்டாங்கங்கறாரு.

ஊசிமுனை:

இரண்டுமே நடந்தது. அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை போடுகிற ஆல்பம் பட்டியலில் 127ஆம் இடம் வரை போனது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அதற்கு முன் மடியின் எந்த ஆல்பமும் அந்தப் பட்டியலில் எட்டிப் பார்க்கவே இல்லை. முதல் 6 வாரத்தில் 1,50,000 தட்டு விற்றதாக மார்ஷல் செஸ் சொல்லியிருக்கிறார். தயாரிப்பாளர் வாயால் வந்த கணக்கு, கொஞ்சம் உப்பு போட்டுத்தான் சாப்பிட வேண்டும். விமர்சனங்கள், குறிப்பாக இங்கிலாந்திலிருந்து வந்தவை, பிறகுதான் அடிமேல் அடியாக விழுந்தன.

அந்த இங்கிலாந்து விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும். ‘அசல் ப்ளூஸ்’ என்ற வாதம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அங்கேதான் வேர் இருக்கிறது.

1958இல் மடி முதன்முறையாக இங்கிலாந்து போனார், ஓடிஸ் ஸ்பானோடு. கிறிஸ் பார்பரின் ஜாஸ் குழு அழைத்திருந்தது. அங்கே ப்ளூஸ் என்றால் அதுவரை பிக் பில் பிரூன்ஸி மாதிரி மரக் கிதாரோடு நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிறவர். மடி மின்கிதாரைச் செருகிச் சிகாகோ கிளப்பில் வாசிக்கிற சத்தத்தில் வாசித்தார். ‘இது அசல் இல்லை’ என்று ஒரு சாரார் நொந்துகொண்டார்கள். அதை மனதில் வைத்துக்கொண்ட மடி, 1963இல் அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் விழாவோடு திரும்பிப் போனபோது மரக் கிதாரோடு போனார். அதற்குள் அங்கே இளைஞர்களெல்லாம் அவருடைய மின்கிதார் தட்டுகளைக் கேட்டு வெறிபிடித்துக் கிடந்தார்கள். ‘ஆம்ப் எங்கே?’ என்று கேட்டார்களாம்.

அதே 1963 செப்டம்பரில் செஸ் கம்பெனி ‘ஃபோக் சிங்கர்’ ஆல்பத்தைப் பதிவு செய்தது. மரக் கிதார், துணைக்கு இளம் பட்டி கை, பேஸில் வில்லி டிக்ஸன். அருமையான ஆல்பம், சந்தேகமே இல்லை. ஆனால் அதுவும் சந்தைக்காகப் போட்ட வேஷம்தானே? கல்லூரிப் பையன்கள் நாட்டுப்புற இசை மோகத்தில் இருந்தார்கள், அவர்களுக்கு விற்க மடியைக் கிராமத்துப் பாடகராக உட்கார வைத்தார்கள். அவர் மிசிசிப்பியை விட்டு வந்து அப்போது 20 வருஷம். அந்த வேஷம் ரசிகர்களின் ரசனைக்குப் பொருந்தியது, அதனால் ‘அசல்’ ஆயிற்று. ஐந்து வருஷம் கழித்துப் போட்ட வேஷம் பொருந்தவில்லை, ‘துரோகம்’ ஆயிற்று.

இடையில் 1966இல் ‘மடி, பிராஸ் அண்ட் த ப்ளூஸ்’ என்ற பெயரில், பதிவான பாட்டுகள் மேல் ஊதுகுழல்களை ஒட்டி ஒரு ஆல்பம் விட்டார்கள். அதற்கு யாரும் இவ்வளவு கூப்பாடு போடவில்லை. என்னைக் கேட்டால் ‘எலெக்ட்ரிக் மட்’டைவிட அதுதான் சோம்பேறித்தனமான வியாபாரம்.

பழைய_தட்டு:

ஊசிமுனை, வாதம் அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. ‘ஃபோக் சிங்கர்’ வேஷம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வேஷத்துக்கு வேண்டிய சரக்கு அவர் கையிலேயே இருந்தது. 1941இல் நாட்டுப்புற இசை சேகரித்த ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் மிசிசிப்பியின் ஸ்டோவால் தோட்டத்துக்குப் போய் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பதிவு செய்தபோது அவர் மரக் கிதாரில்தான் வாசித்தார். அது அவர் வாழ்ந்த வாழ்க்கை.

மின்கிதாருக்கு மாறியதும் அவர் முடிவுதான். 1943இல் சிகாகோ வந்தார், கிளப்புகளில் இருந்த இரைச்சலில் மரக் கிதார் யாருக்கும் கேட்கவில்லை, அதனால் மாறினார். அந்த மாற்றத்துக்குக் காரணம் அவருடைய தேவை. 1968இன் மாற்றத்துக்குக் காரணம் கம்பெனியின் தேவை. இரண்டும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன என்பதால் ஒன்றாகிவிடாது.

பீட்_பெருமாள்:

நான் ப்ளூஸ் ஆளே இல்ல, ஹிப்ஹாப் வழியா இங்க வந்தவன். எங்க பக்கம் இந்த ஆல்பத்துக்கு இருக்கிற மரியாதையே வேற.

முதல்ல ட்ரம்ஸ கேளுங்க. ‘டாம் கேட்’டுலயும் ‘ஹெர்பர்ட் ஹார்ப்பர்ஸ் ஃப்ரீ பிரஸ் நியூஸ்’லயும் மோரிஸ் ஜென்னிங்ஸ் அடிக்கிற அடி இருக்கே, வெட்டி எடுத்து லூப் போட ரெடியா இருக்கும். பின்னாடி ‘சூப்பர்ஃப்ளை’ங்கிற சோல் ஆல்பத்துல வாசிச்ச கை அது. பேஸ் வாசிச்ச சாட்டர்ஃபீல்ட் அப்புறம் எர்த், விண்ட் அண்ட் ஃபயர்ங்கிற குழுவோட டிராம்போன் ஊதப் போனாரு, ஸ்டெப்னியும் அவங்களுக்கு ஏற்பாடு செஞ்சவரு. அப்ப இந்த ஸ்டூடியோவுல அன்னிக்கு இருந்தவங்க எழுபதுகளோட சத்தத்தையே கையில வச்சிருந்த ஆளுங்க. ப்ளூஸ் காதோட மட்டும் கேட்டா இது புரியாது.

பப்ளிக் எனிமிங்கிற ராப் குழுவோட சக் டி இதுக்கு ஒரு பெரிய ரசிகர். 2003இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி மேற்பார்வையில அமெரிக்க பிபிஎஸ் டிவில ‘த ப்ளூஸ்’னு ஒரு தொடர் வந்துச்சு. அதுல மார்க் லெவின் எடுத்த ‘காட்ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்’ படம் முழுக்க இதுதான். சக் டியும் மார்ஷல் செஸ்ஸும் சேர்ந்து பழைய ‘எலெக்ட்ரிக் மட்’ ஆளுங்கள தேடிப் பிடிச்சு, ராப் பாடகர் காமனையும் கூட்டிட்டு வந்து ‘மானிஷ் பாய்’ மறுபடி பண்றாங்க. பீட் கோசி கண்ணாடி, தாடியோட சேர்ல உட்கார்ந்து கிதார எடுக்கிற அந்தக் காட்சிய பாத்துட்டு வந்து பேசுங்க சார்.

நள்ளிரவு_வண்டி:

ராக் கிதார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடை ஏறுறதுக்கு முன்னாடி இந்த ஆல்பத்தைத்தான் கேட்பாருன்னு எங்கயோ படிச்சேன், நிஜமா?

ஆறாம்தந்தி:

அது கோசி சொன்ன கதை. ஹென்ட்ரிக்ஸின்ர உதவியாள் தனக்குச் சொன்னவர் எண்டு கோசி சொன்னவர், ‘ஹெர்பர்ட் ஹார்ப்பர்’ பாட்டைத்தான் போட்டுக் கேட்பாராம். காதுவழிக் கதை, நம்புறதும் நம்பாததும் உங்கட விருப்பம். மற்றப் பக்கம் உறுதியானது: தான் முதல்முதல் கவனிச்ச கிதார்காரர் மடி வாட்டர்ஸ்தான், சின்னப் பெடியனா அவற்ற தட்டைக் கேட்டுப் பயந்துபோனன் எண்டு ஹென்ட்ரிக்ஸ் பேட்டியில சொல்லியிருக்கிறார். மடியைக் கேட்டு ஹென்ட்ரிக்ஸ், ஹென்ட்ரிக்ஸைக் கேட்டு கோசி, அந்தக் கோசி மடிக்கே வாசிக்க வாறார். அந்த வட்டத்தில நடுவில நிண்ட மனுசனுக்கு மட்டும் அது பிடிக்கேல்ல.

இன்னொண்டு, ஸ்டோன்ஸ் பாட்டைக் கவனிச்சியளோ? கிரீம் குழுவின்ர ‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’ ரிஃப்பை அப்பிடியே சாயல் அடிச்சு வாசிச்சிருக்கினம். மடியின்ர 1950ஆம் ஆண்டுப் பாட்டில இருந்து தங்கட பேரை எடுத்த குழு ஸ்டோன்ஸ். அவையின்ர பாட்டை, இன்னொரு இங்கிலாந்துக் குழுவின்ர ரிஃப்பில வைச்சு, மடியே பாடுறார். திட்டம் போட்டுச் செய்ததோ தெரியாது, எனக்குச் சிரிப்பு வந்தது.

பழைய_தட்டு:

உங்களுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வயிறு எரிந்தது. அவரிடமிருந்து கடன் வாங்கிப் பணக்காரர் ஆனவர்களின் பாட்டை அவரே பாடி விற்க வேண்டிய நிலை.

செஸ்ஸின் இன்னொரு ப்ளூஸ் பாடகர் ஹவுலின் உல்ஃபுக்கும் இதே கதியைக் கொண்டுவந்தார்கள், 1969இல், ஏறக்குறைய இதே ஆட்களை வைத்து. அவர் மடியைப் போல் பொறுமைசாலி இல்லை. வா-வா பெடலையெல்லாம் கொண்டுபோய் ஏரியில் வீசிவிட்டு, போகிற வழியில் முடி வெட்டிக்கொண்டு போ என்று கோசியிடமே சொன்னாராம். கோசிதான் இதையும் சிரித்துக்கொண்டே சொன்னவர். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அட்டையில் கொட்டை எழுத்தில் ‘இது ஹவுலின் உல்ஃபின் புது ஆல்பம், அவருக்கு இது பிடிக்கவில்லை’ என்று அச்சடித்து விற்றது. கலைஞனின் மறுப்பையே விளம்பரமாக்கிய சாமர்த்தியம்! அதையும் யாரும் வாங்கவில்லை.

ஊசிமுனை:

உல்ஃப் ஆல்பத்தை நானும் தாங்கிப் பேச மாட்டேன். அதில் பாடகர் விலகி நிற்பது காதில் கேட்கிறது. ‘எலெக்ட்ரிக் மட்’டில் மடி விலகி நிற்கவில்லை. ‘த சேம் திங்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவான பாட்டு, வில்லி டிக்ஸன் எழுதியது. கிதார்கள் மூன்று பக்கமும் முனகுகின்றன, மடி ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி வைக்கிறார். அக்கறை இல்லாதவர் அப்படிப் பாட முடியாது. பின்னால் அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் தட்டு திரும்பி வந்த பிறகு, விமர்சகர்கள் கிழித்த பிறகு ஒரு கலைஞர் சொல்வதும், மைக் முன்னால் நின்ற அன்று செய்ததும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா?

மார்ஷல் சொல்வது இது: மடியை சைகடெலிக் பாடகராக மாற்றுவது நோக்கமே இல்லை, அவர் ஒரு பாத்திரம் ஏற்று நடிக்கிற மாதிரி ஒரு ஆல்பம், டேவிட் போவி ஸிக்கி ஸ்டார்டஸ்ட் ஆனது போல. போவியின் அந்த ஆல்பம் வந்தது 1972இல், ஆகவே இது பின்னால் யோசித்துக் கண்டுபிடித்த சால்ஜாப்பு என்பதும் தெரிகிறது. போவியின் பாத்திரம் போவியே எழுதியது வேறு.

அந்த நேரத்து நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கறுப்பின இளைஞர்கள் சோல் இசைப் பக்கம் போய்விட்டார்கள், ப்ளூஸ் அவர்களுக்கு அப்பா காலத்துப் பாட்டு. வெள்ளை இளைஞர்கள் ப்ளூஸைக் கிரீம், ஸ்டோன்ஸ் வாயிலாகக் கேட்டார்கள். மடிக்கு நடுவில் இடமே இல்லை. செஸ் குடும்பமும் கம்பெனியை விற்கிற கட்டத்தில் இருந்தது, 1969இல் ஜிஆர்டி நிறுவனத்துக்குப் போய்விட்டது. அந்த அக்டோபரில் லெனர்ட் செஸ் இறந்துபோனார். இந்தச் சூழலில் ஒரு 26 வயதுக்காரன் கையில் கிடைத்ததை எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறான்.

பழைய_தட்டு:

அப்படியானால் 1969இல் அதே மார்ஷல் உடனிருந்து வந்த ‘ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்’ ஆல்பத்தைக் கேளுங்கள். பால் பட்டர்ஃபீல்ட், மைக் புளூம்ஃபீல்ட் என்று வெள்ளைக்காரப் பையன்கள் வந்தார்கள். ஓடிஸ் ஸ்பான் பியானோவில் உட்கார்ந்தார், மடி கிதார் வாசித்தார், பாட்டுகள் பாட்டுகளாகவே இருந்தன. பில்போர்டில் 70ஆம் இடம். இளைஞர்களிடம் போய்ச் சேர வழி இருந்தது, அவரை அவராக வைத்துக்கொண்டே. 1977இல் கிதார் கலைஞர் ஜானி வின்டர் மடியை வைத்து ‘ஹார்ட் அகெய்ன்’ ஆல்பம் செய்தபோதும் அதே கதை. ‘மானிஷ் பாய்’ பாட்டை அதிலும் கேளுங்கள், இதிலும் கேளுங்கள். அதற்கு மேல் நான் வாதாடத் தேவையில்லை.

ஆறாம்தந்தி:

‘ஹார்ட் அகெய்ன்’ மானிஷ் பாய் வெல்லும், ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஒருத்தரும் மடியின்ர ‘ஆஃப்டர் த ரெயின்’ ஆல்பத்தைப் பற்றிக் கதைக்கேல்ல. 1969இல அதே கேடட் கான்செப்ட், அதே கோசி, அதே ஸ்டெப்னி. இந்தமுறை மடி கிதாரைக் கையில எடுத்தார், ஓடிஸ் ஸ்பானும் ஹார்மோனிகாவுக்கு பால் ஆஷரும் வந்தவை. பழைய_தட்டு அண்ணை கேட்ட எல்லாம் அதில இருக்குது. ஆர் கேட்கினம்? ‘எலெக்ட்ரிக் மட்’டைத் திட்டின ஆக்களும் கேட்கேல்ல, தூக்கிப் பிடிக்கிற ஆக்களும் கேட்கேல்ல.

பீட்_பெருமாள்:

‘ஷீஸ் ஆல்ரைட்’ கடைசில திடீர்னு ‘மை கேர்ள்’ மெட்டு வாசிக்கிறாங்களே, டெம்ப்டேஷன்ஸ் பாட்டு. அது மட்டும் எதுக்குன்னு எனக்கே புரியல. போதையில சுத்திட்டாங்களா?

ஊசிமுனை:

அந்த இடம் எனக்கும் இடிக்கிறது. பாட்டு தன் போக்கில் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்போது வேறு வீட்டுக் கல்யாணத்தில் நுழைந்த மாதிரி. மடியின் குரலும் அங்கே இல்லை, முழுக்கக் குழுவின் விளையாட்டு. இந்த ஆல்பத்தின் மேல் வைக்கிற குற்றச்சாட்டு எல்லாம் எங்காவது அப்படியே உண்மையாகிறது என்றால் அந்தக் கடைசி நிமிடத்தில்தான்.

பழைய_தட்டு:

எனக்கு அந்த ஆல்பத்தில் பிடித்த ஒரே இடம் அதுதான்.

நள்ளிரவு_வண்டி:

சார்!!

பழைய_தட்டு:

உண்மையாகத்தான் சொல்கிறேன். அந்த இடத்தில் கலைஞர்கள் தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே வாசிக்கிறார்கள். மடியின் தோளில் ஏறி நிற்கவில்லை. அவர்களையே விட்டிருந்தால் நல்லதொரு வாத்திய ஆல்பம் கிடைத்திருக்கும், மடியின் பெயர் இல்லாமல்.

ஆறாம்தந்தி:

மடியின்ர பேர் இல்லாட்டி செஸ் கம்பெனி அவைக்கு ஸ்டூடியோவே குடுத்திராது அண்ணை. கோசியின்ர பேரில ஒரு தனித் தட்டாவது கேட்டிருக்கிறியளோ?